முதியோர் குடியிருப்புகளும் உள்ளாட்சி அனுமதியும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வரவு செலவு, மதரஸா, மையவாடிச் சுவர் ஆகியவை குறித்து அறிக்கையிலேயே விரிவாக எழுதியிருக்கின்றோம். அவற்றை மீண்டும் வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. நம் மஹல்லாவில் பல மாதங்களாகப் பேசப்பட்டு வரும் வேறொரு பொருளைப் பற்றிச் சிறிது பேச அனுமதி வேண்டுகின்றோம். ஓசூரைச் சுற்றிலும் முதியோருக்கென்றே கட்டப்படும் குடியிருப்புகள், அவற்றுக்கு உள்ளாட்சி மன்றமும் நகர் ஊரமைப்புத் துறையும் அனுமதி வழங்கும் முறை, அதில் நமக்கு உள்ள பங்கு ஆகியவையே அப்பொருள். "பணக்காரர்கள் கட்டுகிறார்கள், பணக்காரர்கள் வாங்குகிறார்கள், நமக்கு என்ன?" என்று சிலர் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

நம் ஊரில் முதுமை என்பது புதிய பொருள். 1970களில் சிப்காட் வந்து, 1980களில் பெரிய தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கியபோது இங்கு வந்து சேர்ந்தவர்கள் இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, தருமபுரி என்று பல ஊர்களிலிருந்தும் வந்தார்கள். தமிழும் உருதும் கன்னடமும் தெலுங்கும் ஒரே ஸஃப்பில் நிற்கும் ஜமாஅத்தாக நம் பள்ளிவாசல்கள் மாறியது அப்போதுதான். அந்த இளைஞர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 10.4 விழுக்காடு. 2021க்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு; 2031க்கான மதிப்பீடு 18.2 விழுக்காடு. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நம்முடையது.

இவர்களுடைய கையில் உள்ள பணம் எவ்வளவு? 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்ச ஊதியத்தின்படி, 35 ஆண்டுப் பணி என்று கணக்கிட்டாலும் மாதம் 7,500 ரூபாய்தான் கிடைக்கும். பெரும்பாலோர் பெறுவது அதிலும் குறைவு. ஒப்பந்தத் தொழிலாளராகவே காலம் கழித்தவர்களுக்கு அதுவும் இல்லை. எனவே ஓய்வு பெறும் நாளில் கிடைக்கும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கட்டிய வீடும்தான் அவர்களுடைய முழுச் சொத்து. முதியோர் குடியிருப்பு விளம்பரங்கள் நாடி வருவது அந்தத் தொகையைத்தான். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மிதமான தட்பவெப்பம், அங்குள்ளதைவிடக் குறைந்த நிலவிலை. இத்தனையும் கூடிய எல்லை ஊருக்கு இத்தகைய திட்டங்கள் வருவதில் வியப்பில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாய் தந்தையரை அருகில் வைத்துக்கொள்ள நினைப்பதும் குற்றமில்லை.

இனி அனுமதி விஷயத்திற்கு வருவோம். இதில் நம்மவர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. பெரிய கட்டடம் எதுவானாலும் மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு, ஊராரைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கின்றார்கள். சட்டம் அப்படி இல்லை. நிலம் ஏற்கெனவே குடியிருப்பு உபயோகத்தில் இருக்குமானால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் சொல்லும் அளவுகளுக்கு வரைபடம் பொருந்துகிறதா என்பதையே அதிகாரிகள் பார்ப்பார்கள். சிறிய கட்டடங்களுக்கு உள்ளாட்சியே அனுமதி தரும். பெரியவற்றுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற பிறகு, கட்டணங்களை வசூலித்துக்கொண்டு உள்ளாட்சி அனுமதி வழங்கும். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய கடமை அதில் இல்லை.

ஆட்சேபமோ ஆலோசனையோ சொல்வதற்குரிய காலம் அதற்கு முன்பே வந்து போய்விடுகின்றது. விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றக் கோரும்போது நாளிதழில் அறிவிப்பு வரும்; குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போதும் அவ்வாறே. அந்த அறிவிப்புகள் சிறிய எழுத்தில், சர்வே எண்களோடு மட்டும் வெளியாகும். "மத்திகிரி சாலையில் இன்ன தோப்பு" என்று அதில் இராது. சர்வே எண்ணைக் கொண்டு இடத்தை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இல்லாவிட்டால் அறிவிப்பு வந்ததே நமக்குத் தெரியாது. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் நின்று, எழும்பிவிட்ட கட்டடத்தைப் பற்றிப் பேசுவதால் பயன் ஏதும் இல்லை.

மாநகராட்சிப் பகுதிகளில் பகுதி சபா என்ற அமைப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஏற்பட்ட இச்சபைகள் அவ்வாண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதன்முறையாகக் கூடின. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. நாற்பத்தைந்து வார்டுகள் இருக்கின்றன. பாகலூர், பேரிகை, சூளகிரி, தளி சாலைப் பகுதிகள் போன்ற ஊராட்சிகளில் கிராம சபை இருக்கின்றது. இவற்றில் கட்டட அனுமதியை நிறுத்த முடியாது. ஆனால் குடிநீர், வடிகால், சாலை ஆகியவை குறித்துக் கேள்வி எழுப்பிப் பதிவு செய்ய முடியும். நம்மவர்கள் இக்கூட்டங்களுக்குச் செல்வது மிகக் குறைவு என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

சென்றால் என்ன கேட்பது? முதலில் தண்ணீர். ஒரு திட்டத்தில் 200 வீடுகள், வீட்டுக்கு இருவர் என்று வைத்துக்கொள்வோம். நகர்ப்புறக் குடிநீர் வழங்கலில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. 400 பேருக்கு 54,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் நான்கரை லாரி, ஒவ்வொரு நாளும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. புதிய குடியிருப்பு அந்தக் குழாயை நம்புகிறதா, ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறதா, லாரியை நம்புகிறதா என்பதை வரைபடம் பார்க்கும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். வயதானவர்கள் நான்காவது மாடியிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு இறங்க மாட்டார்கள்.

அடுத்தது கழிவுநீர். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். மேலே பெங்களூரிலிருந்து வரும் கழிவு என்று குறை சொல்கின்றோம், அது உண்மையே. அதையே நாமும் நம் ஏரிகளுக்குச் செய்யலாமா? சுத்திகரிப்பு நிலையம் வரைபடத்தில் இருந்தால் போதாது, அதை இயக்கும் செலவை யார் கொடுப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை.

திறந்தவெளி ஒதுக்கீடு பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அறியாத விஷயம் இது. மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டரை, ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், பத்து விழுக்காடு நிலத்தைப் பொது உபயோகத்திற்கென்று உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலமாகவோ பணமாகவோ கொடுக்கலாம். அவ்வாறு கொடுக்கப்படும் நிலம் பொதுச் சாலையை ஒட்டி, எவரும் வந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது மதில் சுவருக்குள் அகப்பட்டு, காவலாளியின் அனுமதியோடு மட்டும் நுழையும் பூங்காவாகிவிடுவதைப் பல நகரங்களில் காண்கின்றோம். நம் பிள்ளைகள் விளையாட இடமில்லை என்று புலம்புகின்றோமே, அந்த இடம் இங்கேதான் இருக்கின்றது.

பிறகு கட்டடத்தின் உட்புறம். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், கைப்பிடி, வழுக்காத தளம் ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் ஒன்றைக் கூட்டிச் சொல்கின்றோம். மின்தூக்கியில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வசமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மாரடைப்பு வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். சந்தூக்கைப் படிக்கட்டு வழியே, திருப்பங்களில் சாய்த்துச் சாய்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அடுக்குமாடிகளில் ஜனாஸா தூக்கியவர்களுக்கு இது புரியும். மையித்தைக் குளிப்பாட்டக் கீழ்த்தளத்தில் தண்ணீர் வசதியுள்ள ஒரு மறைவிடம் வேண்டும் என்று கேட்பது நமக்கு மட்டும் உரிய கோரிக்கையும் அன்று. முதியோர் வாழும் கட்டடத்தில் மரணம் நிகழும் என்பதை நினைத்துக் கட்டுவதே அறிவுடைமை.

இத்தனைக்கும் மேலாக, வாங்குபவரின் பணம். நம் ஜமாஅத்தார் மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது. இரண்டு விதமாக விற்கின்றார்கள். ஒன்று, கிரயப் பத்திரம் எழுதி வீட்டை உரிமையாக்குவது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அத்திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். வாங்குவோரிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அத்திட்டத்திற்கே செலவிட வேண்டும். சொன்ன காலத்தில் கட்டித் தராவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கச் சட்டம் வழி செய்கிறது. (வட்டி நமக்கு ஆகாது, அசலைத் திரும்பப் பெறும் உரிமை நம்முடையதே.)

மற்றொன்று, பெருந்தொகையை வைப்பாகப் பெற்றுக்கொண்டு ஆயுள் வரை தங்க விடுவது. நம் பகுதியில் போகியம் என்று வழங்குவோமே, ஏறத்தாழ அதுதான். வாடகைக்கு இருப்பவர் மேற்படிச் சட்டத்தின் பார்வையில் ஒதுக்கீடு பெற்றவர் ஆகமாட்டார். அதனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இவருக்குக் கிடைப்பது கடினம். கட்டியவர் நொடித்துப் போனால் வைப்புத் தொகை என்னவாகும்? நடுவில் ஒருவர் இறந்துவிட்டால் துணைவி தொடர்ந்து தங்கலாமா? மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு உயர்த்தலாம்? கட்டணம் கட்ட இயலாவிட்டால் உணவை நிறுத்துவார்களா? இக்கேள்விகளுக்குப் பதில் விற்பனையாளரின் வாய்ச்சொல்லில் இருக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். போகியம் மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வியும் உண்டு. கையெழுத்திடும் முன் நம் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது எங்கள் தகுதிக்கு அப்பாற்பட்டது.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019ஆம் ஆண்டு ஓய்வு இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டுபவர், சேவை நடத்துபவர், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை அது பரிந்துரைக்கின்றது. மிக நல்ல யோசனை. கட்டியவர் பணத்தோடு போய்விட்டார், சமைத்துப் போட வந்தவர் "எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்கிறார் என்ற நிலை இதனால் வராது. ஆயினும் அது மாதிரி நெறிதான். தானாகவே எவரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே வாங்குபவரே அத்தகைய ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

சோதனையின்றி விடப்பட்ட கட்டடங்கள் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று தேட வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். தர்காவை நாடி வந்த குடும்பங்கள் விட்டுச் சென்ற மனிதர்கள் அவர்கள். அந்தக் கொட்டகைகள் ஒரே இரவில் முளைத்தவை அல்ல. ஊருக்குத் தெரிந்தே பல ஆண்டுகள் நடந்தவை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகளைப் பறிகொடுத்தோம். தாமாக எழுந்து ஓட இயலாதவர்களை ஒரே கூரையின் கீழ் வைக்கும் எந்தக் கட்டடத்திலும் தீயணைப்பு வழியைக் கேட்பது தடை போடுவது ஆகாது.

இந்த இடத்தில் மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பது வேறு, "இங்கே வேண்டாம்" என்பது வேறு. 2012ஆம் ஆண்டு சிங்கப்பூரில், நம் உறவினர்கள் பலர் வாழும் நாட்டில், தோ யீ என்ற குடியிருப்பில் முதியோருக்கான சிறுவீடுகள் கட்ட வீட்டு வசதிக் கழகம் திட்டமிட்டது. அங்கு வசித்தவர்களில் பலர் எதிர்த்தார்கள். விளையாட்டுத் திடலும் திறந்தவெளியும் போய்விடும் என்றார்கள். உட்லண்ட்ஸில் ஒரு முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்திற்கும் அதே ஆண்டில் எதிர்ப்பு எழுந்தது. திடல் போகிறது என்ற குறை நியாயமானது, கேட்கத்தக்கது. கிழவர்களைப் பார்த்துக்கொண்டு வாழ முடியாது என்ற எண்ணம் எவருக்கேனும் இருக்குமானால் அது வேறு. அரசு கருத்துகளைக் கேட்டது, திட்டங்களையும் தொடர்ந்தது. சில ஆண்டுகளில் அதே நாட்டில் கம்பொங் அட்மிரல்டி என்ற வளாகம் எழுந்தது. முதியோருக்கான 104 வீடுகள், கீழே உணவங்காடி, மேலே மருத்துவ நிலையம், பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். 2018இல் அது முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. முதியோரை ஊருக்கு வெளியே மதில் கட்டி வைக்காமல் ஊரின் நடுவே வைத்தார்கள். நம் எல்லைப் பகுதியில் வரும் திட்டங்கள் பெரும்பாலும் இதற்கு நேர் மாறாக, பேருந்து நிற்காத சாலையோரங்களில் எழுகின்றன.

நம் ஜமாஅத்திலும் "முதியோர் இல்லம் என்ற பேச்சே நம் சமுதாயத்தில் கூடாது" என்கின்றவர்கள் உண்டு. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் வயதான பெற்றோர் பற்றி வல்ல நாயன் இட்ட கட்டளையை எந்த முஃமினும் மறக்க முடியாது. அந்தக் கவலையை நாங்கள் மதிக்கின்றோம். எனினும் நம் தெருக்களில் நிலைமை என்ன? ஒரு மகன் ரியாதில், ஒரு மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில், மகள் புகுந்த வீட்டில். தாயார் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியே இருக்கின்றார். மாதந்தோறும் பணம் வருகின்றது, பேச ஆள் வருவதில்லை. இதற்குக் குடும்பம் என்று பெயர் சூட்டிவிட்டு, நாலு பேரோடு சேர்ந்து உண்டு உறங்கும் இடத்தை இழிவு என்று சொல்வதை எங்களால் ஏற்க இயலவில்லை. பெற்றோரைத் தள்ளிவிடுவது ஹராம்; பெற்றோர் தாமே விரும்பித் தம் வயதினரோடு வாழ்வது அதுவன்று. ஆனால் அங்கு நம்மவருக்கு இடம் உண்டா, அசைவம் சமைக்கலாமா, தொழுகைக்கு இடமும் ஜும்ஆவுக்கு வண்டியும் உண்டா என்பனவற்றையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். சைவ உணவு மட்டுமே என்று அறிவித்து நடத்தும் இடங்கள் இருக்கின்றன. அது அவர்கள் விருப்பம். பணத்தைக் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதுதான் கூடாது.

வசதியில்லாதவர்களுக்கு? 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் அரசு அமைக்கலாம் என்கின்றது. மற்றவை குறித்து அரசிடம் கேட்பதைவிட இதைக் கேட்பதே நமக்கு முக்கியம். அதே சட்டத்தின் கீழ், பிள்ளைகள் கவனிக்காத பெற்றோர் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் சட்டம் இது.

கடைசியாக, வீடு. முதுமையில் கையில் எஞ்சும் பேரம் அதுதான். பாசத்தில் பிள்ளைகளுக்கு ஹிபா செய்துவிட்டு, பிறகு அதே வீட்டின் திண்ணையில் இடம் கேட்டு நிற்பவர்களின் முறையீடுகள் எங்களிடம் வருகின்றன. 23ஆம் பிரிவின்படி, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். அந்த நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. முதியோரின் நலனுக்கான சட்டத்தைத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் கூறியது. வாய்மொழி ஹிபா நம்மிடையே செல்லுபடியாகும். ஆனால் வாய்மொழியில் நிபந்தனையை எப்படி நிரூபிப்பது? ஹிபாவில் நிபந்தனை விதிப்பது பற்றி ஃபிக்ஹில் நுட்பமான சட்டங்கள் உண்டு. ஆகவே ஆலிம் ஒருவர், வழக்குரைஞர் ஒருவர் என இருவரிடமும் கேட்ட பின்னரே பத்திரம் எழுத வேண்டும்.

இவ்வாண்டு முதல் நிர்வாகக் குழு ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கின்றது. நில உபயோக மாற்ற அறிவிப்புகளைப் படித்து, சர்வே எண்ணுக்குரிய இடத்தைக் கண்டறிந்து அலுவலகப் பலகையில் ஒட்டுவதற்கு, வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஜமாஅத்தார் ஒருவர் முன்வந்துள்ளார். பகுதி சபாக் கூட்ட நாட்களும் அதே பலகையில் அறிவிக்கப்படும். முதியோர் குடியிருப்பில் வீடோ வைப்போ எடுக்க நினைக்கும் சகோதரர்கள், ஒப்பந்த நகலோடு ஞாயிற்றுக்கிழமை இஷா தொழுகைக்குப் பின் அலுவலகத்திற்கு வரலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பாக வரும்படி கேட்டுக்கொள்கின்றோம். நகல் மட்டும் போதும், அசல் வேண்டாம்.

வஸ்ஸலாம்.